றெஜிபோம் சுவரில் ஆணி அடிக்கலாமா?

பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் போனால் இருபுறமும் வயல்தான். 2010 இற்குப் பின் மக்கள் மீளக் குடியேறிய கிராமங்கள் அவ்வீதியை ஒட்டி உள்ளன. அவற்றில் ஒன்றில், கணவரை இழந்த ஒரு தாயின் வளவில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அத்திவாரம் மட்டுமே வழமையானது. சுவருக்குக் கல் அடுக்கவில்லை. லொறியில் வந்த பலகைகளை இரண்டு இளைஞர்கள் தூக்கி நிறுத்தி, ஒன்றின் விளிம்பை மற்றதன் பள்ளத்துக்குள் செருகிப் பசை பூசிக்கொண்டிருந்தார்கள்.

பலகை என்றாலும் மரமல்ல. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருமே வெள்ளை றெஜிபோம், அதன் சிறு மணிகளைச் சீமெந்தோடு கலந்து, இருபுறமும் மெல்லிய நார்ச்சீமெந்துத் தகடு வைத்து வார்த்தது. அதே அளவு கொங்கிறீற்றின் பாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் வரும். மணிக்குள் அடைபட்ட காற்று வெயிலின் வெக்கையை இலகுவில் உள்ளே விடாது. மணலும் குறைவாகவே செல்லும். மணல் அகழ்வால் ஆறுகள் பாழாகும் வடக்கில் இது சின்ன விடயமல்ல. தகட்டில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. மரநார் கலந்த தகடுகளும் உண்டு.

அந்த அம்மாவின் கேள்விகள் வேறு. "பிள்ளை, இதில ஆணி அடிச்சுச் சாமிப்படம் கொழுவலாமோ? மகள் கலியாணம் முடிச்சால் ஒரு அறை கூட்டிக் கட்ட வேணும். எங்கட மேசன் கட்டுவாரோ?"

படம் தாங்குமாம். பாரமான தட்டு என்றால் துளையிட்டு இறுக்கும் விசேட ஆணி வேண்டும். றெஜிபோம் சூட்டுக்கு உருகும் என்பதால் விறகடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. மூட்டுகளில் வலைப்பட்டி ஒட்டிப் பூசாவிட்டால் வெடித்து மழைநீர் இறங்கும். அறையும் கூட்டலாம், அதே பலகை கிடைத்தால்.

இந்தக் 'கிடைத்தால்' தான் என்னை உறுத்துகிறது. 2016 இல் வடக்கு கிழக்குக்கென 65,000 உருக்கு வீடுகள் பேசப்பட்டன. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கும் மேல். அதற்குமுன் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 5,50,000 ரூபா. வெக்கை, துரு, திருத்த ஆளில்லை, உள்ளூர் மேசன்மாருக்கு வேலையில்லை என்று எதிர்ப்பு எழுந்து அது கைவிடப்பட்டது. இந்தப் பலகை அதைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். ஆனால் பொருத்தும் வேலையை ஊர் மேசன்மாருக்கும் விரும்பும் பெண்களுக்கும் பழக்காமல், பலகையை ஊர்க்கடையில் விற்க வழி செய்யாமல் வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்துப் போனால், பத்து வருடத்தில் இதே முறைப்பாடுகள் வரும்.

அம்மா காத்திருக்கவில்லை. இளைஞரில் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை நாட்காட்டியில் எழுதி வைத்துவிட்டார். மிஞ்சிய இரண்டு பலகைகளையும் லொறியில் ஏற்ற விடவில்லை.