வலம்புரி எந்தப் பக்கம்?

தூத்துக்குடிக்குச் செல்கிறவர்கள் உப்பளத்தைப் பார்ப்பார்கள். பனிமய மாதா கோயிலைப் பார்ப்பார்கள். நாம் சென்றது சங்கு வாங்குவதற்கு. வலம்புரி ஒன்று பூஜையில் இருக்கவேண்டும் என்பது நம் பாட்டியாரின் வெகுநாளைய ஆசை. மடியில் பணமும், பையில் சிப்பிகளைப் பற்றிய ஆங்கில நூலொன்றும் இருந்தன.

கடற்கரை வீதியில் ஒரு கடை. வாசலிலே சங்குகள் குவிந்து கிடந்தன. மன்னார்க் குடாவின் மணற்றரையில் வாழும் இவற்றைப் பரதவர் தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்து வந்திருக்கின்றனர். வளையல் அறுப்பதற்காக இவை வங்காளத்துக்குப் போவதும் பழைய வழக்கம். நூலில் இதன் பெயர் 'டர்பினெல்லா பைரம்'. பைரம் என்றால் பேரிக்காயாம்! உருவத்தைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நூலிற் கண்டவாறு, சங்கின் திருகு நுனியை மேலாகவும் வாயை நம்மை நோக்கியும் வைத்துப் பிடித்தோம். வாய் வலப்புறம் இருந்தது. அதற்கு 'டெக்ஸ்ட்ரல்' என்று அடைமொழி. வலம் சார்ந்தது என்று பொருள். அப்படியானால் குவியல் முழுவதும் வலம்புரி! கடைக்காரர் அறியாமல் மலிவாக விற்கிறார் என்று உள்ளூர மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

"ஐயா, அது இடம்புரி" என்று அவர் சங்கை வாங்கித் தலைகீழாக்கினார். "தீர்த்தம் வார்க்கிற மூக்கு மேலே இருக்கவேணும். இப்போது வாய் எந்தக் கைப்பக்கம்?"

இடக்கைப் பக்கம்!

சங்கு மாறவில்லை, பிடித்த விதந்தான் மாறியது. ஆங்கில நூலார் டெக்ஸ்ட்ரல் என்பது நமது இடம்புரி. இலட்சத்தில் ஒன்றாகத் தேடப்படும் நமது வலம்புரி அவர்களுக்கு 'ஸினிஸ்ட்ரல்'. தீக்குறியைச் சுட்டும் 'ஸினிஸ்டர்' என்னும் சொல்லும் அதே லத்தீன் வேரிற் பிறந்ததுதான். மகாலக்ஷ்மியின் அம்சத்துக்கு எத்தகைய உறவு பாருங்கள்!

பிறகு உள்ளேயிருந்து ஒன்று வந்தது. மூக்கு மேலே, வாய் வலப்புறம். நாம் பணத்தை எடுக்குமுன் அவரே தடுத்தார். "இது அமெரிக்கக் கடற்சங்கு. அங்கே இந்த ஜாதிக்கு இதுதான் இயல்பு. வாய்க்குள் விரலை விடுங்கள். நம் சங்கானால் நடுத்தண்டில் 3, 4 மடிப்புகள் தட்டுப்படும்."

தண்டு வழவழவென்றிருந்தது. லின்னேயஸ் 1758-இல் 'திருகு மாறியது' என்னும் பொருளில் பெயர் சூட்டிய சங்கினம் அது. வலம்புரியென்று ஏமாந்து இதை வாங்கிப் பூஜையில் வைத்திருப்போர் பலர்.

சாதாரண இடம்புரி ஒன்றையே வாங்கித் திரும்பினோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பாட்டியார் அதை மூக்கு மேலாகப் பிடித்து, ஒருமுறை பார்த்துவிட்டு, தீர்த்தம் நிரப்பக் கொண்டுபோனார்.