காந்த ஊசியும் ஒரு தாயின் வினாவும்

ஆழிப்பேரலை வந்துபோய் ஈராண்டு கழிந்திருந்த காலம். நாகப்பட்டினம் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் அறிவியல் விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது. அதில் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தமிழ் பயிற்றும் நமக்கு நிலவியலில் பட்டமில்லை; எனினும் நூலகத்தில் படித்தவற்றை எளிய தமிழில் எடுத்துரைக்கும் ஆர்வம் மட்டும் மிகுதியாக உண்டு. நிலநடுக்கத்தை முன்னரே உணர்த்தும் காந்தப்புல மாற்றங்கள் என்பதே அன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1989 அக்டோபர் 17 மாலை 5.04 மணிக்கு, லோமா பிரியேட்டா மலைப்பகுதியை மையமாகக் கொண்டு 6.9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 63 பேர் உயிரிழந்தனர். மையத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், கொராலிட்டோஸ் என்னுமிடத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர் பிரேசர்-ஸ்மித் குழுவினரின் காந்தப்புல அளவி ஒன்று இருந்தது. நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அதனை அங்கு வைக்கவில்லை. இயற்கையான மின்காந்த இரைச்சலை அளப்பதே அதன் பணி. அக்கருவியின் பதிவுகளைப் பின்னர்ப் புரட்டிப் பார்த்தபோது, அக்டோபர் 5 முதலே மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் உயர்ந்திருந்ததும், நடுக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னர் அது பன்மடங்கு எழுந்ததும் தெரியவந்தன. 1990-இல் வெளியான அவ்வாய்வு அறிவுலகை வியப்பில் ஆழ்த்தியது.

அதற்கான காரணத்தையும் அன்று விளக்கினோம். பாறைகளில் காந்தத் தன்மையுள்ள கனிமங்கள் உள்ளன. அழுத்தம் மிகும்போது அத்தன்மை சிறிதளவு மாறும். பாறை வெடிப்புகளில் நீர் ஊடுருவிப் பாய்ந்தால் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப்புலமும் உண்டு. ஆகவே, நிலம் நடுங்குமுன் பாறை பேசுகிறது, கேட்கும் செவிதான் நம்மிடம் இல்லை என்று முழங்கி முடித்தோம். அவையோர் கைதட்டினர். நாமும் மகிழ்ந்தோம்.

கூட்டம் கலைந்தபின் முதிய தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். பேரலையில் மகளைப் பறிகொடுத்தவர் என்று அருகிலிருந்தோர் கூறினர். அவர் கேட்டது ஒன்றே: "அப்ப முன்னாடியே தெரியும்னு சொல்றீங்களா தம்பி? தெரிஞ்சவங்க ஏன் எங்ககிட்டச் சொல்லலை?"

நாம் விடையின்றி நின்றோம். கைதட்டலுக்காக மெருகேற்றிச் சொன்ன ஒரு செய்தி, அவருடைய நெஞ்சில் எவர் மீதோ ஒரு குற்றச்சாட்டாக இறங்கிவிட்டது. சொன்னதன் உண்மையை அளந்து பாராமல் சொன்னோமே என்னும் குத்தல் அன்று தொடங்கியது.

அதன்பின் அப்பொருளைத் தேடித் தேடிப் படித்தோம். நாம் கண்ட முதற்செய்தி அளவு பற்றியது. தென்னிந்தியப் பகுதியில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. கதிரவனின் விளைவால் அது நாள்தோறும் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குகிறது. ஆனால், 1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லாண்டர்சில் 7.3 அளவில் நிலம் நடுங்கியபோது, அருகிலிருந்த அளவியில் பதிவான மாற்றம் ஏறத்தாழ 1 நானோடெஸ்லாவே. அதுவும் நடுங்கியபோது நேர்ந்தது, நடுங்குமுன் அன்று. திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முணுமுணுப்பைப் பிரித்தறிவது போன்ற வேலை அது.

இரண்டாவது செய்தி பார்க்பீல்டு பற்றியது. அதே மாநிலத்துச் சிற்றூரான அங்கு 1857 முதல் 1966 வரை ஆறு முறை ஏறத்தாழ ஒரே அளவிலான நிலநடுக்கங்கள் ஏற்பட்டிருந்தன. அடுத்தது 1993-க்குள் வரும் என்று 1985-இல் அறிஞர்கள் கணித்தனர். காந்தப்புல அளவிகள் உள்ளிட்ட கருவிகளை நிறுவிக் காத்திருந்தனர். சொன்ன காலத்தில் அது வரவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்று 6.0 அளவில் வந்தபோது, அத்தனை கருவிகளில் எதுவும் தெளிவான முன்னறிகுறி எதனையும் காட்டவில்லை.

மூன்றாவது, நாம் புகழ்ந்து பேசிய கொராலிட்டோஸ் பதிவு பற்றியதே. 2009-இல் தாமஸ், லவ், ஜான்ஸ்டன் ஆகியோர் அப்பதிவுகளைப் பிற காந்த ஆய்வகங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு மறுபடியும் ஆராய்ந்தனர். அவ்வியப்புக்குரிய எழுச்சி பாறையின் குரலாக இராமல், கருவியமைப்பின் பழுதாக இருக்கலாம் என்பது அவர்தம் முடிவு. முதலில் எழுதியவர் பொய்யுரைத்தார் என்பது இதன் பொருளன்று. கண்டதை அவர் எழுதினார், மற்றவர் சரிபார்த்தனர். அறிவு வளரும் முறையே அது. ஒரு நிகழ்வுக்கு முன் ஒரு கருவி துடித்தது என்பது மட்டும் போதாது. நிகழ்வு இல்லாத நாள்களில் அது அமைதியாக இருந்ததா, பிற இடங்களிலும் நிகழ்வுக்கு முன் அவ்வாறு துடித்ததா என்றும் கேட்டாக வேண்டும். அவ்வினாக்களை நாம் கேட்கவில்லை.

2010-இல் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். அத்தாயின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நாம் அன்று கூறியது மிகை என்றும், நிலம் எந்நாளில் நடுங்கும் என்பதை முன்னரே அறியும் வழி எவரிடமும் இல்லை என்றும் கூறினோம். ஆனால், முழு உண்மையையும் சொல்ல வேண்டுமே! 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்ராவையொட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நடுக்கத்தை முன்னறிய இயலாது. ஆனால் நடுங்கியதை அறிந்தபின் அலையைப் பற்றி எச்சரிக்க அந்நேரம் போதும். அதற்குரிய ஏற்பாடு அன்று இந்துமாக்கடல் நாடுகளில் இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல்தான் அமைந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் உள்ளிருந்து தம் பேரனை அழைத்து நம் எதிரே அமர்த்தி, "இதை இவன்கிட்டச் சொல்லுங்க தம்பி. நிலம் ஆடினா உடனே மேட்டுக்கு ஓடணும், ஆடாம இருந்து தகவல் வந்தாலும் ஓடணும், அதையும் சொல்லுங்க" என்றார்.

சொன்னோம். அன்று அங்கே கைதட்ட எவரும் இல்லை. ஆயினும் நம் வாழ்நாளில் நாம் ஆற்றிய பயனுள்ள சொற்பொழிவு அதுவே என்று இன்றும் எண்ணுகின்றோம். மேடையேறவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவதும் இதுவே: அறிவியலைத் தமிழில் சொல்லுங்கள், ஆர்வத்தோடு சொல்லுங்கள், ஆனால், இழந்தவர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறார் என்னும் நினைவோடு அளந்து சொல்லுங்கள்.