யாருடைய சோதனை?

“சாமி சோதிக்கிறது, தம்பி!”

பக்கத்து வீட்டு மூதாட்டி நம்மிடம் சொன்ன சொல் இது. அவருடைய மகன் சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் தொழிலாளி. உடல் இளைத்தது, இடப்பக்க விலாவின் கீழ் வயிறு கல்லாய்க் கனத்தது. மந்திரித்த கயிறு கையில் ஏறிற்று. மஞ்சள் துணியில் காணிக்கையும் முடிந்தாயிற்று. மூன்று திங்கள் இப்படிக் கழிந்த பின்னரே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தச் சோதனை உண்மையைச் சொல்லிற்று: நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய். நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டும், பெயர் இமாட்டினிப்.

மாத்திரையைக் கையில் வாங்கிய மூதாட்டி கேட்டார்: “இதை முதலில் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தம்பி?”

வாயடைத்து நின்றோம். அவர் கயிற்றை நம்பினார். நாம் மாத்திரையை நம்பினோம். ஏன், எப்படி என்று கேளாமல் நம்பினால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? வெட்கினோம், தேடிப் படித்தோம்.

இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் குறுகிப்போன குரோமோசோம் ஒன்றை 1960இல் பிலடெல்பியாவில் கண்டனர் நோவெலும் ஹங்கர்போர்டும். ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973இல் காட்டினார் ஜானெட் ரவுலி என்ற பெண் அறிஞர். அந்த இணைப்பில் பிறக்கும் புரதம், “பெருகு, பெருகு” என்று வெள்ளணுக்களுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது. அதன் வாயை அடைக்கும் மருந்தே இமாட்டினிப்.

1998 ஜூனில் அமெரிக்காவின் மருத்துவர் பிரையன் டிரக்கர் குழுவினர் மனிதர்க்கு அதனைக் கொடுக்கத் தொடங்கினர். முதற்கட்டச் சோதனையின் முதற்கேள்வி, “நோய் தீருமா?” என்பதன்று, “எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும்?” என்பதே. நாளுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 1000 வரை உயர்த்தினர். முந்தைய சிகிச்சை கைவிட்ட 83 பேர் அந்தச் சோதனைக்குத் தம் உடலைத் தந்தனர். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்ட 54 பேரில் 53 பேரின் இரத்த அணுக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின. குமட்டல் வந்தது, வீக்கம் வந்தது. அவற்றையும் மறைக்காமல் 2001இல் எழுதி வெளியிட்டனர். அவ்வாண்டு மே திங்களில் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது.

சாமியின் சோதனையில் சோதிக்கப்படுபவன் மனிதன். தோற்றால் பழியும் அவனுக்கே! அறிவியலின் சோதனையில் சோதிக்கப்படுவது மருந்து. தோற்றால் தூக்கி எறியப்படுவதும் மருந்தே! எந்தக் கயிறு இப்படித் தேர்வு எழுதியது? எந்தக் காணிக்கை தன் தோல்விகளைக் கணக்கெழுதி வெளியிட்டது?

ஆனால் ஒன்று. ஏழையிடம் எதையும் விளக்காமல் கைநாட்டு வாங்கிக்கொண்டு மருந்து கொடுத்தால், அது அறிவியல் அன்று, ஆதிக்கம். தீங்குகளைச் சொல்லி, விலகும் உரிமையையும் சொல்லி, அவன் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும். சோதனையால் கேடு விளைந்தால் இழப்பீடு தர வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள் இவற்றை வலியுறுத்துகின்றன. ஏட்டில் உள்ள விதி நாட்டில் நடக்க, கேட்கத் தெரிந்த மக்கள் வேண்டும்.

கேட்டதனாலே கிடைத்ததுதான் இந்த மாத்திரையும். இதன் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் தனியுரிமை கோரியது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் மறுத்தது. நிறுவனத்தின் மருந்து அன்று திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்; இந்தியத் தயாரிப்போ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பட்டாசுத் தொழிலாளி எதை வாங்கியிருப்பான்?

அண்ணன் இப்போது மீண்டும் வேலைக்குப் போகிறார். மஞ்சள் முடிச்சு இன்னும் அந்த வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. அதை அவிழ்க்கச் சொல்லி நாம் வற்புறுத்தவில்லை. அதன் கீழே மாட்டியுள்ள நாட்காட்டியில், மகன் மாத்திரை உண்டதும் நாள்தோறும் ஒரு கோடு போடுகிறார் அந்தத் தாய். ஒரு நாள் தவறினாலும் ஏன் என்று கேட்கிறார்.

தோழர்களே, நமக்குப் பகுத்தறிவுப் பாடம் நடத்தியவர் அவர்! நம்பு என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. “யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? என்ன கண்டீர்கள்?” என்று கேட்போம், கோயிலிலும் கேட்போம், மருந்துக் கடையிலும் கேட்போம்!