அஞ்சலிச் சுவரொட்டியில் விடுபடும் ஒரு வரி

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் சிறு அச்சகங்களுக்கு வருகிற வேலைகளிலேயே அவசரமானது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான். கல்யாணப் பத்திரிகைக்கு மாதக் கணக்கில் அவகாசம் உண்டு. சாவுக்குச் சில மணி நேரம்தான். வீட்டார் தரும் படம் பெரும்பாலும் ஆதார் அட்டையிலிருந்தோ, யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குழுப் படத்திலிருந்தோ செல்போனில் பிடித்ததாக இருக்கும். டி.டி.பி. பார்ப்பவர் அதைப் பெரிதாக்குகிறார். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டி நீக்குகிறார். காதோரத்து நரைமுடியைப் பின்னணியிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுக்கிறார். கசங்கிய சட்டையை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுவிடுகிறார். முகத்தின் புள்ளிகளையும் நிழலையும் துடைப்பவர் கண்ணை மட்டும் தொடுவதில்லை. கண் மாறினால் ஆளே மாறிப்போவார் என்பது இந்தத் தொழிலில் எழுதாத விதி. அடுத்தது பெயர்ப் பட்டியல். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், மைத்துனர்கள் என்று வரிசை பிடித்துவிட்டு, “அண்ணாச்சி, சம்பந்தகாரங்க பேரு எதுவும் விட்டுப்போச்சா?” என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறார்கள். விட்டுப்போன ஒரு பெயரால் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் மக்கள் தொடர்பு வேலையை, எளிய குடும்பங்களுக்காக இந்த மேசைகளில் இருப்பவர்கள்தான் செய்து தருகிறார்கள்.

இந்தக் கைத்திறனை மதித்துப் பார்க்கும்போதுதான் ஒரு குறை உறுத்துகிறது. சுவரில் நிற்கும் தகப்பனுக்குத் தோற்றமும் மறைவும் இருக்கின்றன. அவர் என்ன செய்து வாழ்ந்தார் என்பது இல்லை. சங்கத்திலோ கட்சியிலோ பொறுப்பு வகித்திருந்தால் அதற்கு இடம் உண்டு. பாவூர்சத்திரம் சந்தையில் ஆயுள் முழுக்க மூட்டை இறக்கியவர், புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், பீடிக் கடையில் கணக்கு எழுதியவர் எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டையில், ஒரே ‘இயற்கை எய்தினார்’ என்ற சொல்லோடு நிற்கிறார்கள். அந்த மனிதரின் வேலையைச் சொல்லும் ஒரு வரி ஒவ்வொரு அஞ்சலியிலும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கக்கூடிய ஆள் அச்சகத்தில்தான் இருக்கிறார். சம்பந்தி பெயரை இருமுறை கேட்கத் தெரிந்தவருக்கு, “அப்பா என்ன வேலை பாத்தாங்க?” என்று கேட்பது கடினமே இல்லை.

இடம் போதாது என்பார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கு எடுத்தது. ஆள், ஊர், செயல் என்று எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சொற்களில் அடங்கிவிட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உளியால் வெட்ட முடிந்ததை இன்று கணினியில் சேர்க்க இடமில்லை என்பது சரியான காரணமாகாது. அரசும் தான் போற்றுகிறவர்களைச் செயலோடுதான் நினைக்கிறது. செய்தி மக்கள் தொடர்புத் துறை என்றே பெயர் கொண்ட துறைதான் தமிழகத்தில் நினைவகங்களையும் மணிமண்டபங்களையும் பராமரிக்கிறது. இந்த மாவட்டத்திலேயே நெல்கட்டும்செவலில் பூலித்தேவனுக்கும் செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்கும் நினைவிடங்கள் உண்டு. வாஞ்சிநாதன் என்றதும் 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம் என்று நாளும் இடமும் செயலும் சேர்ந்தே மனத்தில் எழுகின்றன. அவ்வளவு பெரிய செயல் எல்லாருக்கும் வாய்க்காது, உண்மைதான். ஆனால் நாற்பது வருஷம் ஒரே மண்டியில் நம்பகமாகக் கணக்கு எழுதியதும் செயல்தான்; அதைச் சொல்ல மண்டபம் வேண்டாம், ஒரு வரி போதும்.

சுவரொட்டி சாவைத் தெரிவிக்கவும் உறவைக் காட்டவும்தான், வாழ்க்கை வரலாறு எழுத அல்ல என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பட்டியலை நான் குறைத்து மதிக்கவில்லை. ஒரு மனிதர் யாருக்கு யாராக இருந்தார் என்பது அவர் வாழ்வில் பாதி. மீதிப் பாதியும் வேண்டும் என்பதற்குக் குற்றாலத்திலேயே சான்று இருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். சட்டம் படித்தவர், சட்ட மேலவை உறுப்பினர், அறநிலைய வாரிய ஆணையர் என்று அவருக்கு ஒரு சுவரொட்டி அடித்திருந்தால் எல்லாம் உண்மையாகவே இருக்கும், டி.கே.சி. மட்டும் அதில் இருக்கமாட்டார். வண்ணார்பேட்டை வீட்டின் வட்டத்தொட்டியிலும் பிறகு குற்றாலத்திலும் நண்பர்களை உட்கார வைத்துக் கம்பனை வாய்விட்டுப் படித்துக் காட்டியவர், கவிமணியின் கவிதையைப் போகுமிடமெல்லாம் எடுத்துச் சொன்னவர், ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த விருந்தோம்பி. அவர் இன்றும் நினைவில் நிற்பது இதனால்தான். பாஸ்கரத் தொண்டைமான் போன்ற நண்பர்கள் எழுதி வைத்ததால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. நமது தகப்பன்மாரில் பெரும்பாலோருக்கு அப்படி எழுதும் நண்பர்கள் கிடையாது. அச்சகத்துத் தம்பி இருக்கிறார்.

சுவரைப் பாழாக்கும் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, ஃபிளெக்ஸுக்கு ஆதரவாகப் பேச யாருக்கும் வாய் வரக்கூடாது. இறந்தவரின் படம் என்பதால் சாலை ஓரம் உரிமையாகிவிடாது. நான் கேட்கும் வரிக்குப் பத்தடிப் பேனர் தேவையில்லை. வீட்டு வாசலில் ஒட்டும் தாளிலும், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அடிக்கும் அட்டையிலும், வாட்ஸப்பில் அனுப்பும் படத்திலும் அது அடங்கும். வாட்ஸப் வந்ததால் இந்தத் தொழில் தேவையற்றதாகிவிடவும் இல்லை. அங்கே சுற்றும் அஞ்சலிப் படங்கள் பலவும் இதே மேசைகளில் செய்து தருபவைதான்.

நேரம் இல்லை என்ற மறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதை முழுக்க ஏற்கிறேன். வீட்டில் உடலை வைத்துக்கொண்டு தகப்பனைப் பற்றி யோசித்து எழுதச் சொல்வது இரக்கமற்ற வேலை. ஆனால் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ஒரு வருஷம் இருக்கிறது. இப்போது நடப்பது, பழைய கோப்பைத் திறந்து ‘முதலாம்’ என்பதை ‘இரண்டாம்’ என்று மாற்றி அச்சுக்கு அனுப்புவது. அந்தக் கோப்பைத் திறக்கும்போது அச்சகக்காரர் கேட்கலாம். பிள்ளைகள் அம்மாவிடமும் அத்தையிடமும் கூட வேலை பார்த்தவர்களிடமும் விசாரித்து வந்து சொல்லலாம். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், படத்தைச் சுத்தம் செய்வதற்குக் கொடுப்பதைப் போலவே.