தூரத்தின் கணக்கு

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே வீதிவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வான்வழியாக நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 330. வேலணையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இவற்றை வேகத்தால் பிரித்து நேரம் காண்பார்கள். விடை சரியாகவே வரும். ஆனால் அவர்களுடைய தாய் தகப்பன்மாரின் இளமைக் காலத்தில் அந்த விடையின்படி எவரும் பயணம் செய்ததில்லை.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் ஆனையிறவு வழி அடைபட்டது; யாழ்தேவியும் நின்றது. பின்னர் சனங்கள் இருட்டில் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தார்கள். அந்தக் கரை சேர்வோமா என்பதே கேள்வியாக இருந்தபோது மணிக்கூட்டை யார் பார்த்தது? குடாநாடு 1996இல் இராணுவத்தின் வசமானபின் தரைவழி இல்லை. திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியில் விமானம். விமானம் பறப்பது ஒரு மணித்தியாலம். பாதுகாப்பு அனுமதிக்குக் காத்திருப்பதோ நாட்கணக்கு. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் மன்னார்ப் பக்கத்துக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் உயிர் தப்பவில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடியது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் அது மீண்டும் சனங்களின் வீதியானது. இன்று இரவு பஸ் ஏறினால் ஏழெட்டு மணித்தியாலத்தில் கொழும்பில் விடியும்.

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். வான்வழியில் கொழும்பும் சென்னையும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவு. பறப்பு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். ஆனால் நெடுந்தீவிலிருந்து புறப்படுகிறவர் குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் படகில் வந்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ்ஸிற் குலுங்கி, யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பலாலிக்கு வேறு பஸ் பிடிக்கவேண்டும். அதற்குள் விமானம் சென்னைக்குப் போய்த் திரும்பியே விடலாம்.

இவையெல்லாம் வழி இருந்தோரின் கணக்கு. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். ஒரு வீட்டை விட்டு, தெருவை விட்டு, பள்ளிவாசலை விட்டு வெளியேற அவ்வளவுதான் நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். அந்த நாளின் கதை இந்தப் பக்கங்களைப் படிப்போருக்குப் புதிதல்ல.

வீதி திறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புத்தளத்திலிருந்து காலையில் புறப்பட்டால் பகலுக்குள் சோனகதெருவில் இறங்கலாம். ஆனாலும் மீண்டு வந்து குடியேறியவர்கள் சிறு தொகையினரே. இடிந்த வீட்டைக் கட்டவேண்டும், தொழில் வேண்டும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. போக இரண்டு மணித்தியாலம். திரும்பி வர முப்பத்தைந்து ஆண்டும் போதவில்லை. தூரத்தை வேகத்தால் பிரிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காக விட்டுவிட முடியாது.