ஆபிரிக்கான்ஸ் மொழியில் வணக்கமும் விடைபெறுதலும்

புதிய மொழியொன்றைக் கற்கப் புகுவோர்க்கு முதலிற் கிடைப்பன வணக்கச் சொல்லும் விடைபெறும் சொல்லுமே. அவை எளியவை, ஒரு மாலைப் பொழுதில் மனனஞ் செய்துவிடலாம். ஆயினும், ஒரு சமுதாயம் யாரை மதித்தது, யாரை மதிக்க மறுத்தது என்பதை அச்சிறு சொற்களே காட்டிக் கொடுத்துவிடும். தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கான்ஸ் மொழியைச் சில காலமாகப் பயின்றுவரும் எனக்கு இவ்வுண்மை அதன் தொடக்கப் பாடங்களிலேயே தெளிவாயிற்று.

இம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியே, அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1652இல், நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியேற்றத்தை அமைத்தது. அங்கே ஒல்லாந்தர் பேசிய மொழி, அந்நிலத்தின் பழங்குடிகளான கொய்கொய் மக்களின் நாவிலும், இந்தியா, இலங்கை, கிழக்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் நாவிலும் பயின்று, உருமாறி, காலப்போக்கில் தனிமொழியாயிற்று. 1925இல் அது அரசகரும மொழியாக ஏற்கப்பட்டது. நம்மவர் வழங்கும் ‘கந்தோர்’ என்னும் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஆபிரிக்கான்ஸ் பேசுவோர் இன்றும் அலுவலகத்தைக் ‘கன்டூர்’ என்றே சொல்வர். மேலும், போயர் யுத்தத்திற் சிறைப்பட்ட ஏறத்தாழ 5,000 பேரை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டிலிருந்து தியத்தலாவை முதலிய முகாம்களில் வைத்திருந்தபோது, நம் மலைநாட்டிலும் அம்மொழி ஒலித்ததுண்டு.

இனிச் சொற்களுக்கு வருவோம். காலையில் ‘ஃகூயெ மோரெ’. நண்பகலுக்குப் பின் ‘ஃகூயெ மிடஃக்’. மாலையில் ‘ஃகூயெ நாண்ட்’. ‘ஃகூயெ’ என்றால் ‘நல்ல’ என்பது பொருள். ‘ஃகூயெ நஃக்’ என்பது இரவில் உறங்கச் செல்லும்போது கூறுவது. வீட்டுக்கு வந்தவரை வரவேற்க அதனைச் சொல்லலாகாது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர், தொண்டையில் உரசிப் பிறக்கும் அந்த முதலெழுத்தில் மிகவும் இடர்ப்படுவர். தமிழ் மாணவருக்கோ ஆய்த எழுத்துத் துணைக்கு நிற்கிறது. ‘அஃது’ என்பதைத் திருத்தமாக உச்சரிக்கப் பழகியவருக்கு இது கடினமன்று.

அடுத்து நலம் வினவுதல். ‘ஹூ ஃகான் டிட்?’ என்பர், சொல்லுக்குச் சொல் நோக்கினால் ‘எப்படிப் போகிறது அது?’ என்றாகும். ‘ஃகூட், டங்கி’ என்பது விடை: ‘நலம், நன்றி’. ‘மிக்க நன்றி’ என்பதற்குப் ‘பய்யெ டங்கி’ என்பர். இங்கே ‘மிக்க’ என்று பொருள்படும் ‘பய்யெ’ மலாய்ச் சொல்லின் திரிபு. ஆண்டவர் நன்றி கூறும்போதும் அடிமைப்பட்டோரின் சொல்லொன்றைக் கடனாக வாங்கியே கூறினர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

விடைபெறும் சொற்கள் எனக்கு மிகவும் உவப்பானவை. ‘டொட்சீன்ஸ்’ என்றால் ‘மீண்டும் காணும்வரை’. ‘போகிறேன்’ என்று சொல்லத் தயங்கிப் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் நமக்கு இதன் உட்கருத்தை விளக்க வேண்டுவதில்லை. மறுநாளே சந்திப்பதாயின் ‘டொட் மோரெ’. ‘மோரெ’ என்பது காலையையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். புறப்படுபவரை ‘மோய் லூப்’, அழகாக நடந்து செல்க, என்று வழியனுப்புவர். புறப்படுபவர் ‘மோய் பிளெய்’, நலமாக இருங்கள், என்று மறுமொழி கூறலாம். ‘ஃபார்வெல்’ என்பது நெடும் பிரிவுக்குரியது. அன்றாடம் வழங்கத் தக்கதன்று.

சொற்களை அறிந்தபின் அறியவேண்டியது, அவற்றை யாரிடம் எவ்வாறு சொல்வது என்பதாகும். ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘நீ’யும் உண்டு, ‘நீங்கள்’ என்பதும் உண்டு. ஆனால் முதியவரிடம் பேசும் பிள்ளை அவ்விரண்டையும் விலக்கி, உறவுமுறையையே சொல்லும். ‘ஊம்’ என்றால் மாமா. ‘டன்னி’ என்றால் மாமி. இரத்த உறவு வேண்டுவதில்லை. அயலவர், ஆசிரியர், தெருவிற் கண்ட பெரியவர் யாவருக்கும் அது பொருந்தும். ‘ஹூ ஃகான் டிட் மெட் ஊம்?’, அதாவது ‘மாமா எப்படி இருக்கிறார்?’ என்று அந்த மாமாவிடமே கேட்பது அங்கே பணிவு. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு இப்பண்பு எளிதில் விளங்கும்.

ஆனால் இவ்வினிய வழக்கிற்கு ஒரு வேலி இருந்தது. இனவொதுக்கற் காலத்தில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் தம் இனத்துப் பெரியவரையே ஊம், டன்னி என விளித்தனர். தம் வயலில் உழைத்த முதியவரை ‘ஓட்டா’ என்றும், தம்மை வளர்த்த மூதாட்டியை ‘ஆயா’ என்றும், அல்லது வெறும் பெயராலும் அழைப்பது வழக்கமாயிருந்தது. அந்த முதியவரோ சிறுவயது முதலாளியையும் ‘பாஸ்’, எசமான், என்று வணங்கவேண்டியிருந்தது. மாமா என்ற ஒரு சொல்லை மறுப்பது எத்துணைக் கொடுமை என்பதை, அச்சொல்லைக் கேட்டு நரைத்த தலைகள் நம்முள் அறியும். இம்மொழியைப் பயிற்று மொழியாக வலிந்து திணித்ததை எதிர்த்தே 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சோவெற்றோ மாணவர் வீதிக்கு வந்தனர். பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலர் இரையாயினர்.

அப்படியாயின் அம்மொழியை ஏன் கற்கவேண்டும் என்று கேட்கலாம். அதனைத் தாய்மொழியாகக் கொண்டோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வெள்ளையரல்லாதார். 19ஆம் நூற்றாண்டில் கேப் டவுன் முஸ்லிம்கள் அதனை அரபு எழுத்தில் எழுதிச் சமயங் கற்றனர். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபோது அதனைப் பயின்று, காவலரோடு அவர்தம் மொழியிலேயே பேசினார். கொடுமை செய்தோர் பேசினர் என்பதற்காக, கொடுமைக்குட்பட்டோரும் சேர்ந்து ஆக்கிய மொழியை அவர்களிடமிருந்து பறித்தல் முறையாகாது.

ஆதலின் கற்கும் மாணவருக்கு இரண்டு சொல்வேன். அம்மொழியாற் புண்பட்ட நெஞ்சமும் உண்டு என்பதை மறவாது, எதிரில் நிற்பவர் விரும்பும் மொழியை அறிந்து பேசுக. ஆபிரிக்கான்சிற் பேசும்போது, முதியவர் எந்நிறத்தவராயினும் ‘ஃகூயெ மோரெ, ஊம்’ என்றே வணங்குக. உச்சரிப்புப் பிழைத்தால் நகைத்துவிட்டுத் திருத்துவர்; அந்தக் கடைசிச் சொல்லை விடுத்தாலோ வணக்கமே குறைபட்டுவிடும்.