ஹைட்ரஜன் பிணைப்பைத் தாண்டிப் போகாதீர்கள்

உயிரியல் முதலாண்டுப் பிள்ளைகள் வேதியியலைக் கடமைக்குப் படித்துவிட்டு நகர்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஹைட்ரஜன் பிணைப்பை மட்டுமாவது ஊன்றிப் படியுங்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அடினின், தைமின் நடுவே 2 பிணைப்புகள்; குவானின் (ஜி), சைட்டோசின் (சி) நடுவே 3. தனியாகப் பார்த்தால் வலுவில்லாதவை, ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் பலம்.

டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைப் பாருங்கள்: குழாயை 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் இழைகள் பிரிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இழையும் அறுபடாமல் நிற்கும். அதைக் கட்டியிருப்பது சகப்பிணைப்பு. (கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைப் பிசிஆரில் சோதித்ததும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான்.) சூடு தணிந்ததும் பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏ துண்டு தன் ஜோடியைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஜி, சி அதிகமுள்ள பிரைமருக்கு வெப்பநிலையைக் கூட்டி வைக்கிறோமே, அந்த மூன்றாவது பிணைப்பும் அதற்கு ஒரு காரணம்.